எங்கள் ஊர் ரயிலடியில் வண்டி எப்போது நிற்கும்?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருவாரூர் – காரைக்குடி பாதையைப் பற்றியவை. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்தில் நான் வேலை பார்த்த பாதை. ஆகவே சில பதில்கள் நீண்டுவிட்டன. ஆசிரியர் கத்தரி போட்டிருந்தால் சண்டையை அவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாட்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நின்றதே இல்லை. மனுமேல் மனு கொடுத்தாயிற்று. யாரைப் பிடித்தால் நிற்கும்? (வாசகர், முத்துப்பேட்டைக்கு அருகில் ஒரு கிராமம்)

பதில்: மனுவை யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லையே! உங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் என்றால், அவரால் அதை மேலே அனுப்பத்தான் முடியும். எக்ஸ்பிரஸ் வண்டிக்கு நிறுத்தம் தருவது டெல்லியில் இருக்கும் ரயில்வே வாரியத்தின் கையில். உங்கள் மனு திருச்சி கோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து சென்னையில் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்குப் போய், பரிந்துரையோடு டெல்லிக்குப் போக வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதமும் சேர்ந்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். இதை நான் ரகசியமாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கிடைத்தாலும் பெரும்பாலும் ‘சோதனை முறையில் ஆறு மாதம்’ என்றுதான் கிடைக்கும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். முதல் நாள் வண்டி நின்றதும் மாலை, மேளம், லோகோ பைலட்டுக்குப் பொன்னாடை, இனிப்பு. அடுத்த வாரம் பார்த்தால், திருத்துறைப்பூண்டியில் ஒரு வேலை இருந்தது என்று அங்கே போய் டிக்கெட் எடுத்து அங்கேயே ஏறுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதிகாரி பார்ப்பது உங்கள் ஸ்டேஷன் பெயரில் விற்ற டிக்கெட்டைத்தான். பொன்னாடைக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ரயில்வே பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் ஒரு நிமிட நிறுத்தம் என்று போட்டாலும், வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிப்பதற்குள் நான்கைந்து நிமிடம் போய்விடும். ஒற்றைப் பாதையில் அந்த நான்கைந்து நிமிடம் எதிரே வரும் வண்டியையும் இழுக்கும்.

இன்னொன்று, கேட்டால் உங்களுக்குக் கோபம் வரலாம். தாம்பரத்துக்கும் செங்கோட்டைக்கும் உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை பேர் போவார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லூரிக்கு, கலெக்டர் அலுவலகத்துக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்று திருவாரூர் போகிறவர்கள் எத்தனை பேர்? காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் திருவாரூர் சேரும் ஒரு வண்டியும், மாலை ஐந்தரைக்கு மேல் அங்கிருந்து புறப்படும் ஒரு வண்டியும் இருந்தால் உங்கள் ஸ்டேஷன் பிழைத்துக்கொள்ளும். எக்ஸ்பிரஸ் நின்றால் ஊருக்குப் பெருமைதான். ஆனால் பெருமைக்கு யாரும் மாதச் சீட்டு எடுப்பதில்லை. அடுத்த மனுவில், சின்ன ஸ்டேஷன்களிலும் நின்று போகும் டெமு வண்டியின் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கல்லூரி, எந்த அலுவலகம், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மாணவர் போகிறார்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ‘இப்பகுதி மக்களின் நீண்டநாள் கோரிக்கை’ என்று தொடங்கும் மனுவை இரண்டாம் வரிக்கு மேல் படித்த அதிகாரியை நான் பார்த்ததில்லை.

கேள்வி: எங்கள் பாதையை வெள்ளைக்காரன் உப்புக்காகத்தான் போட்டான் என்று தாத்தா சொல்வார். உண்மையா? (கல்லூரி மாணவி, பட்டுக்கோட்டை)

பதில்: தாத்தா பாதி சரி. உப்புக்கும் இந்தப் பாதைக்கும் உறவு உண்டு. ஆனால் பணம் போட்டது கம்பெனி முதலாளிகள் அல்லர். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து ஒரு தனி வரி போட்டு, அந்தப் பணத்தில் கட்டிய பாதை இது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வண்டி ஓடியது. 1902-இல் பட்டுக்கோட்டைக்கும் 1903 முடிவில் அறந்தாங்கிக்கும் நீண்டது. ஓட்டிக்கொடுத்தது தென்னிந்திய ரயில்வே. சொத்து ஜில்லா போர்டுடையது. நெல் விளைந்த நிலத்துக்கு உங்கள் முப்பாட்டனார் கட்டிய வரியில் போட்ட தண்டவாளம் அம்மா. அடுத்த முறை ‘லாபம் இல்லாத கிளைப்பாதை’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பாசஞ்சர் வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் அரை மணி நேரம் நிற்கிறது. எக்ஸ்பிரஸ் வந்து போன பிறகுதான் விடுகிறார்கள். ஏழைகள் போகும் வண்டி என்றால் இளப்பமா? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: இளப்பம் இல்லை, முறைவரிசை. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று, லூப் லைன் (பிரதான பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதில் சேரும் பக்கத் தண்டவாளம்) இருக்கிற ஸ்டேஷனில் ஒதுங்கியாக வேண்டும். அதைத்தான் நாங்கள் ‘கிராசிங்’ என்போம். யாரை ஒதுக்குவது என்பதற்கு வரிசை எழுதியே வைத்திருக்கிறார்கள். விபத்து மீட்பு வண்டி எல்லாவற்றுக்கும் முன்னால். எக்ஸ்பிரஸ்ஸுக்குப் பின்னால்தான் பாசஞ்சர். சரக்கு வண்டி பாசஞ்சருக்கும் பின்னால். தீர்மானிப்பது கோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோலர். ஸ்டேஷன் மாஸ்டரை ஜன்னல் வழியாகத் திட்டுவதால் வண்டி கிளம்பாது. நான் நிறையத் திட்டு வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எக்ஸ்பிரஸ் தாமதமாக வரும் நாட்களில், அட்டவணைப்படி வேறு ஊரில் நடக்க வேண்டிய கிராசிங்கை இந்தச் சின்ன ஸ்டேஷனில் நடத்திவிடுகிறார்கள். காத்திருக்கிற பாசஞ்சர்காரர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒலிபெருக்கி இருக்கிற ஸ்டேஷனில் கூடச் சொல்வதில்லை. ‘எதிரே வண்டி வருகிறது, இருபது நிமிடம் ஆகும்’ என்று சொன்னால் ஒருவர் இறங்கித் தேநீராவது குடிப்பார்.

கேள்வி: கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மட்டும் அட்டவணையில் முக்கால் மணி நேரம் போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா? (வாசகர், திருவாரூர்)

பதில்: பிழை இல்லை, தந்திரம். வழியில் இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்கென்று கடைசிப் பகுதியில் கூடுதல் நிமிடங்களை ஒளித்து வைப்பது வழக்கம். அதனால் நடு வழியில் அரை மணி தாமதமாக ஓடிய வண்டி முடிவிடத்தைச் சரியான நேரத்தில் தொட்டுவிடும். நேரந்தவறாமை பற்றிய கணக்கை முடிவிடத்தில்தானே பார்க்கிறார்கள்! நடுவில் இருக்கும் சின்ன ஸ்டேஷனில் காத்துக்கிடந்தவருக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

கேள்வி: வண்டி எண் 0-வில் தொடங்கியது. இப்போது 7-இல் தொடங்குகிறது. புது வண்டியா? (வாசகர், பேராவூரணி)

பதில்: பழைய வண்டி, பழைய எண் முறை. 2020 மார்ச்சில் தொற்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிறகு விட்டபோது ‘சிறப்பு வண்டி’ என்று 0 போட்டு விட்டார்கள். சிறப்பு என்ன என்றால், பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனதுதான். 2024 பிப்ரவரி இறுதியில்தான் அது மறுபடி பத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் எண்களும் திரும்பின. 5-இல் தொடங்கினால் இன்ஜின் இழுக்கும் சாதாரணப் பாசஞ்சர், 6 என்றால் மின்சாரத்தில் ஓடும் மெமு, 7 என்றால் டீசலில் ஓடும் டெமு.

கேள்வி: காலையில் கைப்பேசியில் டிக்கெட் எடுத்துவிட்டு மாலை வண்டியில் ஏறினேன். செல்லாது என்கிறார் பரிசோதகர். இது என்ன அநியாயம்? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: உங்கள் ஊரிலிருந்து நீங்கள் போன இடத்துக்குக் காலைக்கும் மாலைக்கும் இடையில் நாலைந்து வண்டிகள் இருக்கின்றன. அதனால் பரிசோதகர் பக்கம்தான் நியாயம். முன்பதிவில்லாத டிக்கெட்டில் 199 கிலோமீட்டர் வரை, எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஊருக்குப் போகும் அடுத்த முதல் வண்டியிலாவது ஏற வேண்டும். பட்டுக்கோட்டை மாதிரி நாளுக்கு ஒன்றிரண்டு வண்டி ஓடும் பக்கத்துக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் உயிர்நாடி. பகலில் எடுத்தாலும் மாலையில் வருவதே முதல் வண்டி என்றால் அந்த டிக்கெட் செல்லும். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் மூன்று நாள் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

காகிதம் இல்லாத டிக்கெட்டைப் பற்றி இன்னும் இரண்டு. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்க முயன்றால் செயலி மறுக்கும். ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தால் கிடைக்கும். எடுத்த பிறகு ரத்து செய்ய முடியாது. டிக்கெட் இருக்கும் திரையைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பி, ‘இதைக் காட்டு’ என்று சொல்வதும் செல்லாது. எடுத்த கைப்பேசியிலேயே, செயலிக்குள்ளேயே காட்ட வேண்டும்.

கேள்வி: நீடாமங்கலம் கேட்டை எந்த நேரத்தில் பார்த்தாலும் மூடியே வைத்திருக்கிறார்கள். கேட்டுக்காரருக்குத் தூக்கமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: தூங்கினால் கேட் திறந்தல்லவா கிடக்கும்! கேட் பூட்டப்பட்டால்தான் சிக்னல் விழும்படி இரண்டையும் பிணைத்து வைத்திருக்கிறார்கள். வண்டி வெகு தொலைவில் இருக்கும்போதே மூட வேண்டியிருப்பது இதனால்தான். போதாக்குறைக்கு நெல் ஏற்றும் சரக்கு வண்டியை முன்னும் பின்னும் இழுத்து ஷண்டிங் செய்தால், நாற்பது பெட்டியும் கேட்டின் மேலேயே நடைபயிலும். மேம்பாலம்தான் வழி.

கேள்வி: 2019-இல் எங்கள் பாதையில் மறுபடி வண்டி விட்டபோது கேட்டுக்காரர் வண்டிக்குள்ளேயே வந்தாராமே? என் மாமனார் சொன்னபோது கதை விடுகிறார் என்று நினைத்தேன். (வாசகி, பேராவூரணி)

பதில்: மாமனாரிடம் மன்னிப்புக் கேளுங்கள் அம்மா, அவர் சொன்னது முழு உண்மை. 2012-இல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்திவிட்டு அகலப்பாதை போட ஆரம்பித்தார்கள். காரைக்குடி – பட்டுக்கோட்டை 2018 மார்ச்சில் திறந்தது. மீதிப் பகுதியில் 2019 ஜூன் 1-இல் டெமு ஓடத் தொடங்கியது. பாதை புதிது, பாலங்கள் புதிது, பிளாட்பாரம் புதிது. கேட்டுகளுக்கு மட்டும் ஆள் போடவில்லை. ஆகவே ‘நடமாடும் கேட்டுக்காரர்’ என்று ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன் பக்கம் இருப்பவர் இறங்கி ஓடிப்போய்க் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மறுபடி நிற்கும். பின் பக்கம் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். 149 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். அந்த நாட்களில் வண்டியில் யார் போவார்கள்? வேடிக்கை பார்க்கத்தான் போனார்கள். பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்கள். பிற்பாடு கேட்டுகளில் முன்னாள் ராணுவத்தினரை ஒப்பந்தத்தில் அமர்த்தி வேகத்தைக் கூட்டினார்கள். ஆனால் ஆறேழு வருடம் வண்டியே இல்லாமலும், அதன்பின் ஆறு மணி நேர வண்டியோடும் இருந்த ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலை நினைக்காமலே வளர்ந்துவிட்டார்கள். இப்போது ‘கூட்டம் இல்லை’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சின்ன வயதில் கம்பன் எக்ஸ்பிரஸ்ஸில் போகும்போது, ஸ்டேஷனில் நிற்காமலே டிரைவர் ஒரு பிரம்பு வளையத்தை வாங்கிக்கொண்டு போவார். அது எதற்கு? (வாசகர், சிங்கப்பூர், சொந்த ஊர் அதிராம்பட்டினம்)

பதில்: அதைக் கேட்டதற்கு நன்றி. வளையத்தில் தொங்கிய தோல்பைக்குள் ஓர் எஃகுப் பந்து இருக்கும். அதுதான் டோக்கன். எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலானது என்று அதன் மேல் பொறித்திருக்கும். அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது.

இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்கள், கம்பியால் இணைந்தவை. பக்கத்து ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்து அங்கே பிடியைத் திருப்பினால்தான் இங்கே பந்து விழும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஓர் இயந்திரத்துக்குள் திரும்பப் போகும்வரை இரண்டாவது பந்தை எவராலும் எடுக்க முடியாது. இரண்டு மாஸ்டர்களும் சேர்ந்து குழம்பினாலும் எதிரெதிரே இரண்டு வண்டியை விட முடியாத ஏற்பாடு.

நிற்காத வண்டிக்கு வளையம் கொடுப்பது தனிக் கலை. பாயின்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தின் ஓரத்தில் கையை உயர்த்தி வளையத்தை நீட்டுவார். இன்ஜினிலிருந்து உதவியாளர் முழங்கையை வளைத்து அதற்குள் நுழைத்துப் பிடிப்பார். அதே வேகத்தில் பழைய வளையத்தைத் தரையில் வீசுவார். அது உருண்டு முள்வேலிக்குள் போய்விட்டால் விளக்கை எடுத்துக்கொண்டு தேடுவோம். மழை இரவில், வேலிக்கு அப்பால் வயலில் தண்ணீர் நிற்கும்போது, பந்து கிடைக்கிற வரைக்கும் அடுத்த வண்டிக்கு வழி இல்லை. பிளாட்பாரத்தில் மீன் கூடைகளோடு காத்திருக்கும் அம்மாக்களும் இறங்கித் தேடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி போக வேண்டும், மீன் கெட்டுவிடும்.

கேள்வி: என் அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்ந்த பிளாட்பாரத்திலிருந்து ஏற முடியவில்லை. வண்டியும் ஒரு நிமிடம்தான் நிற்கிறது. (வாசகி, திருத்துறைப்பூண்டிக்கு அருகில்)

பதில்: ரயில் மட்டத்திலேயே இருக்கும் பிளாட்பாரம், தாழ்ந்தது, உயர்ந்தது என்று மூன்று வகை உண்டு. உயர்ந்தது தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 சென்டிமீட்டர். ஆண்டு வருவாய் ஒரு கோடிக்குள், பயணிகள் பத்து லட்சத்துக்குள் இருக்கும் ஸ்டேஷன்களை என்எஸ்ஜி-6 என்று கடைசிப் படியில் வைத்திருக்கிறார்கள். வசதிகளும் அந்த வரிசைப்படிதான் வரும். எழுதிக் கேளுங்கள், காத்திருக்கவும் வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டுக்கு (இப்போது ‘ரயில் மேலாளர்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) எதிரில், அவர் பார்க்கும்படி நின்றுகொள்ளுங்கள். அவர் பச்சைக் கொடி காட்டாமல் வண்டி நகராது. வயதானவர் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தும் கொடி காட்டுகிற கார்டு அபூர்வம். அப்படிப்பட்டவர் வாய்த்தால் வண்டி எண், தேதியோடு 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் சீருடை போடுவதில்லை, கடையைத் திறப்பதுபோல வண்டி நேரத்துக்குத்தான் வருகிறார். (வாசகர், பெயர் எழுதவில்லை)

பதில்: அவர் ரயில்வே ஊழியர் இல்லை. ஹால்ட் ஏஜென்ட். பக்கத்து ஸ்டேஷனில் முன்பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து, விற்பதற்குக் கமிஷன் பெறுபவர். விற்றால்தான் வருமானம். ஹால்ட்டில் சிக்னலும் கிடையாது, ஸ்டேஷன் மாஸ்டரும் கிடையாது. டிக்கெட் எடுக்காமல் ஏறிப்போகும் உங்கள் ஊர்க்காரர்களால் முதலில் அவர் போவார், பின்னால் நிறுத்தம் போகும்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி வண்டி காலியாக ஓடுகிறது. எதற்கு இந்தச் செலவு? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: 37 கிலோமீட்டர் பாதையை அகலமாக்கி 2023 ஏப்ரல் 8-இல் திறந்தார்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த இடம் அகஸ்தியம்பள்ளி. உப்பளம் இன்றும் இருக்கிறது. ஆள் இல்லாத ஊர் இல்லையே! திருத்துறைப்பூண்டியில் இறங்கினால் திருவாரூர்ப் பக்கமோ பட்டுக்கோட்டைப் பக்கமோ உடனே இணைப்பு வண்டி இருக்க வேண்டும். அது இல்லாமல் மணிக்கணக்கில் உட்காரச் சொன்னால் யார் வருவார்? வண்டியைக் குறை சொல்லாதீர்கள், அட்டவணை போட்டவரைக் கேளுங்கள். உங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் யாராவது கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவில் இருந்தால், கூட்டத்தில் இந்த ஒரே விஷயத்தை மட்டும் எழுப்பச் சொல்லுங்கள். பதினைந்து கோரிக்கையை அடுக்கினால் பதினைந்துக்கும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று வரும்.

கேள்வி: கடைசிப் பெட்டியில் ஏன் பெரிய எக்ஸ் குறி? (ஆறாம் வகுப்பு மாணவன், அறந்தாங்கி)

பதில்: அது தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் நம்புவார் தம்பி. தெரியாவிட்டால், பெட்டிகள் அறுந்து பாதையிலேயே நின்றிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியை விட மாட்டார். இரவில் அதற்குப் பதில் சிவப்பு விளக்கைப் பார்ப்பார்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகும் உங்களுக்கு இலவசப் பாஸ் உண்டாமே? எங்கே போனாலும் ரயில்தானா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பாஸ் உண்டு. காசிக்குப் போனேன், ரயிலில். போன வாரம் பல் மருத்துவரிடம் பட்டுக்கோட்டைக்குப் போனேன், பஸ்ஸில். அவர் பதினோரு மணிக்கு வரச் சொன்னார். அந்த நேரத்துக்கு வண்டி இல்லை.